நாற்பத்தொரு நாள் மழை

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "காலண்டர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

காலண்டர் பார்த்த வேலைக்குக் கடிதத் தாளில் 'இழப்பீட்டுக் கணக்கு ஆலோசகர்' என்று பெயர். அவர் மனைவி அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். "கட்டடம் முடிஞ்சதும் எல்லாரும் சண்டை போட்டுப்பாங்கல்ல, அப்போ யாரு எத்தனை நாளைக் கெடுத்தாங்கன்னு எண்ணிச் சொல்லுவார். ஊர்ல இருக்கிறவங்க நாளையெல்லாம் எண்ணுவார். எங்க கல்யாண நாளை மட்டும் வருஷா வருஷம் நான்தான் ஞாபகப்படுத்தணும்."

கட்டடம் என்றாலே தாமதம்தான். சொன்ன தேதியில் முடிந்த கட்டடங்களைத் தன் முப்பத்து மூன்று வருட அனுபவத்தில் அவர் இரண்டே இரண்டுதான் பார்த்திருக்கிறார். அதில் ஒன்று வாட்ச்மேன் அறை. மற்ற எல்லாம் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் கட்டியவரும் கட்டச் சொன்னவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் கட்டத்தில்தான் காலண்டரைக் கூப்பிடுவார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வேலை நடந்த ஒவ்வொரு நாளையும் எடுத்து மூன்று குவியலாகப் பிரிப்பார்.

முதல் குவியல், வானம் கெடுத்த நாள். மழை, புயல், வெள்ளம். அந்த நாட்களுக்குக் கட்டுகிறவருக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். அபராதம் கிடையாது. ஆனால் சல்லிக்காசு இழப்பீடும் கிடையாது. இரண்டாவது, கட்டச் சொன்னவர் கெடுத்த நாள். வரைபடம் தராமல் இழுத்தடித்தது, இடத்தை ஒப்படைக்காமல் நிறுத்தி வைத்தது. அதற்கு நாளும் உண்டு, பணமும் உண்டு. மூன்றாவது, கட்டுகிறவர் தானே கெடுத்துக்கொண்ட நாள். அதற்கு நாளும் இல்லை, பணமும் இல்லை, மேலே அபராதம் வேறு. ஒரு நாள் எந்தக் குவியலுக்குப் போகிறது என்பதில்தான் ஒரு மனிதன் நிமிர்வதும் படுத்துவிடுவதும் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது சைட் டைரி. தினமும் மாலையில் அன்றைக்கு என்ன வேலை, எத்தனை ஆள், எந்த இயந்திரம், வேலை நின்றால் ஏன் நின்றது என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும் தடித்த நோட்டு.

காலண்டர் அந்த டைரிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படிப்பார். டைரியில் ஒன்று, கிரேன் நோட்டில் இன்னொன்று, கூலிப் பட்டியலில் வேறொன்று என்று இருந்தால் போதும், அந்த ஆள் தொலைந்தான். "எல்லா நோட்டும் ஒத்துப் போகணும்" என்பதைத்தான் அவர் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். இளைய இன்ஜினியர்கள் அவர் தலையைக் கண்டதும் அதையே அவர் குரலில் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இந்தப் பெருமைதான் பிற்பாடு வந்து கழுத்தைப் பிடித்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. தங்கையின் கணவர் சின்னக் காண்ட்ராக்டர். பெரிய படிப்பு இல்லை. கம்பி கட்டும் ஆளாக இருந்து, மேஸ்திரியாகி, தானே வேலை எடுத்துச் செய்யும் அளவுக்கு வந்தவர். அறுபது பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். வாய் பேசத் தெரியாது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதில் இரண்டு "சரி" என்று இருக்கும். அந்த மனிதருக்கு ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கு கட்டும் வேலை கிடைத்தது. அஸ்திவாரமும் தூண்களும் கூரைச் சட்டமும் அவர் பொறுப்பு. இதைச் சரியாக முடித்தால் அடுத்து மூன்று கிடங்கு இருக்கிறது என்று கம்பெனியில் ஆசை காட்டியிருந்தார்கள்.

கிழக்குப் பக்கத் தூண்களுக்குக் காங்கிரீட் போட்டாயிற்று. மேற்குப் பக்கம் தோண்டினால், மண்ணுக்குள்ளே ஆள் படுத்து உருளும் அகலத்துக்கு ஒரு பழைய வடிகால் குழாய். வரைபடத்தில் அப்படி ஒன்று இருக்கும் தடயமே இல்லை. அதன் மேல் அஸ்திவாரம் போட முடியாது. புது வரைபடம் வரவேண்டும். வேலை நின்றது.

கம்பெனி சார்பில் சைட்டைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் மறுநாள் மாலை காண்ட்ராக்டரைத் தனியே கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. குழாய் இருக்கும் பழைய வரைபடம் நாலு மாதத்துக்கு முன்பே அவர் கைக்கு வந்திருக்கிறது. மேசை இழுப்பறையில் போட்டவர் மறந்தே போய்விட்டார். டைரியில் 'வரைபடம் இல்லாததால் வேலை நிறுத்தம்' என்று எழுதினால் மேலிடத்தில் கேள்வி வரும், இழுப்பறை திறக்கும், அவர் வேலை போகும்.

"மழைக்காலம்தானே. மழைன்னு எழுதிடுங்க. நாள் முழுசா நான் வாங்கித் தர்றேன். அபராதம் வராது. உங்க ஆள் கூலி, கிரேன் வாடகை எல்லாத்தையும் பின்னாடி கூடுதல் வேலைன்னு பில் போட்டுச் சரிக்கட்டிடலாம். என் பிள்ளைங்க மேல சத்தியம்" என்றார் அவர்.

காண்ட்ராக்டர் "கேட்டுச் சொல்றேன்" என்றார். அவர் யாரைக் கேட்பார்? வீட்டிலேயே ஒரு காலண்டர் இருக்கும்போது?

அந்தத் தொலைபேசிப் பேச்சு மூன்று நிமிடம் நடந்தது. காலண்டர் அப்போது வேறொரு பெரிய தகராறில் கழுத்துவரை மூழ்கியிருந்தார். எதிரே நாலு பேர் கோப்புகளோடு காத்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டார். முப்பத்து மூன்று வருட அனுபவம் ஒரே நொடியில் பதில் சொல்லிவிட்டது. முதல் வேலையிலேயே கம்பெனியோடு மல்லுக்கு நின்ற எந்தச் சின்னக் காண்ட்ராக்டரும் இரண்டாவது வேலையைப் பார்த்ததில்லை. ஏழு வருடம் வழக்காடி ஜெயித்தவர்கள்கூடக் கடைசியில் வக்கீலுக்குக் கொடுத்ததுபோக மீதியை எண்ணிப் பார்த்து அழுததை அவர் பார்த்திருக்கிறார்.

"மழைன்னே எழுதிடுங்க மாப்பிள்ள. எத்தனை நாள் ஆயிடப் போகுது, நாலு நாளோ அஞ்சு நாளோ. பகைச்சுக்க வேண்டாம். ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க. டைரில மழைன்னு இருந்தா எல்லாத்துலயும் மழைன்னு இருக்கணும். எல்லா நோட்டும் ஒத்துப் போகணும்."

"சரி மச்சான்."

நாலு நாள் நாற்பத்தொரு நாளாயிற்று. வரைபடம் இதோ வருகிறது, நாளைக்கு வருகிறது என்று வந்துகொண்டே இருந்தது. ஆட்களை அனுப்பிவிட்டால் திரும்பக் கிடைக்க மாட்டார்கள் என்று காண்ட்ராக்டர் அறுபது பேரையும் சும்மா உட்கார வைத்துக் கூலி கொடுத்தார். கிரேன் நின்ற இடத்திலேயே நின்று வாடகையைத் தின்றது. இருபதாம் நாள் அவர் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் அடமானம் வைத்தார். அந்த வருடமோ மழை ஏமாற்றிவிட்டது. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடித்தது. ஆட்கள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்க, காண்ட்ராக்டர் மாலை தவறாமல் டைரியைத் திறந்து 'மழை' என்று எழுதுவார். இன்ஜினியர் கீழே கையெழுத்துப் போடுவார்.

கட்டடம் முடிந்தது. அபராதம் வரவில்லை. அந்த ஒரு வாக்கை இன்ஜினியர் காப்பாற்றினார். மற்ற வாக்கைக் காப்பாற்றுவதற்குள் அவரைப் பதவி உயர்வு கொடுத்து வேறு கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவரிடம் காண்ட்ராக்டர் கூடுதல் பில்லை நீட்டினார். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "எந்தக் கூடுதல் வேலை? பேப்பர்ல ஒண்ணுமே இல்லையே?" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பேப்பரில் ஒன்றும் இல்லைதான். அடுத்த மூன்று கிடங்கும் வேறு யாருக்கோ போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காண்ட்ராக்டர் இரண்டு சாக்குப் பை நிறைய நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு காலண்டர் வீட்டுக்கு வந்தார். கூடவே தங்கை. பையைக் கீழே வைத்துவிட்டு மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அடுத்த வருஷம் இதே மாசத்துக்குள்ள கட்டலைன்னா வீடு போயிடும் மச்சான்" என்றார். அவர் பேசி அவ்வளவு நீளமான வாக்கியத்தைக் காலண்டர் கேட்டதே இல்லை.

"அதெல்லாம் போகாது" என்றாள் தங்கை. அண்ணனைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "எங்க அண்ணாவுக்கு எல்லாம் தெரியும். அண்ணா பார்த்துப்பார்."

காலண்டர் டைரியைப் பிரித்தார். மழை. அடுத்த பக்கம், மழை. புரட்டப் புரட்ட மழை. நாற்பத்தொன்று என்று எண்ணி முடித்துவிட்டு, முதல் மழைக்கே திரும்பிப் போனார். அந்த மூன்று நிமிடப் பேச்சை அவர் மறந்தே போயிருந்தார். இப்போது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வந்தது. காண்ட்ராக்டர் முகத்தில் குற்றம் சொல்லும் பார்வைகூட இல்லை. அந்த மனிதருக்கு மச்சான் சொன்னால் அது தப்பாக இருக்க முடியாது. நடந்ததுதான் எங்கேயோ தப்பு.

தங்கைக்கு இது தெரியாது என்று காலண்டர் நினைத்தார். தெரியக் கூடாது என்றும் நினைத்தார்.

கூலி வாங்காமல் வேலையை எடுத்துக்கொண்டார். முதலில் இழப்பைக் கணக்கிட்டார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சும்மா இருந்த ஆட்களின் கூலி, நின்ற கிரேனின் வாடகை, அலுவலகச் செலவில் அந்த நாட்களின் பங்கு, வாங்கிய கடனுக்கு வட்டி என்று இம்மி பிசகாமல் போட்டார். கூட்டி வந்த தொகையைக் கொடுத்தால் வீடும் மீளும், கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். நியாயமான தொகை. பார்க்க அழகான கணக்கு. அதன் தலையில் உட்கார்ந்திருந்தது மழை.

இந்த மாதிரித் தகராறைத் தீர்க்க இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு நடுவர் இருப்பார்; அவரிடம் மழை பெய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அது ஒன்றும் கஷ்டமில்லை. வானிலை அலுவலகத்தில் பதிவு இருக்கிறது. மனு எழுதி வாங்கினார். நாற்பத்தொரு நாளில் மழை பெய்தது ஆறு நாள். ஆனால் அதை நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார் என்பது அவருக்கு மனப்பாடம். அப்படியானால் உங்கள் டைரி பொய்யா? பொய் டைரி என்றால் அதில் இருக்கும் ஆள் கணக்கும் கிரேன் கணக்கும் மட்டும் எப்படி நிஜம்? டைரி நிஜம் என்றால் மழை, பணம் இல்லை. டைரி பொய் என்றால் கணக்கே இல்லை. இந்தக் கண்ணியை அவரே கம்பெனிகளுக்காக நாலு முறை மற்றவர்களுக்கு வைத்திருக்கிறார். நாலு முறையும் ஆள் தப்பியதில்லை. ஒருமுறை மாட்டியவர் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்கு இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

டைரிக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். ஒரே ஒரு நோட்டு, ஒத்துப் போகாத ஒரு நோட்டு. அதைத் தேடிக் காலண்டர் அலைந்தார். வாழ்நாள் முழுக்க ஒத்துப் போகாத நோட்டைக் கண்டால் முகம் சுளித்த மனிதர்!

கிரேன் ஓட்டியவரைப் போய்ப் பார்த்தார். "நிறுத்தத்துக்கு என்ன காரணம் போடறதுன்னு உங்க மாப்பிள்ளையக் கேட்டேன். மழைன்னு போடச் சொன்னார்" என்றார் அவர். மேஸ்திரி தன் கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டினார். கொட்டகை முன்னால் ஆட்கள், மேலே துளி மேகமில்லாத வானம். காலண்டர் ஆவலாகத் தேதியைப் பார்த்தார். அந்தக் கைபேசி காங்கிரீட் குழம்பில் ஒருமுறை விழுந்து எழுந்ததிலிருந்து அதன் தேதி பதினேழு வருடம் பின்னால் போய் நின்றிருந்தது.

"போனுக்கு வயசு குறைஞ்சிடுச்சு. நமக்குத்தான் குறைய மாட்டேங்குது" என்று மேஸ்திரி சிரித்தார். காலண்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் அவருக்குத் தண்ணீர் ஞாபகம் வந்தது. புதிதாகப் போட்ட காங்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து வெடித்துவிடும். கிழக்குப் பக்கத் தூண்களுக்கு இரண்டு வாரம், நாளுக்கு மூன்று வேளை. மழை பெய்தால் ஊற்ற வேண்டாம். அதற்கென்று தனி நோட்டு உண்டு, எழுத ஆளும் உண்டு. அந்தத் தண்ணீர்க்காரரை அவருக்குத் தெரியும். உலகமே தலைகீழாக நின்றாலும் செய்ததைச் செய்தேன் என்றும் செய்யாததைச் செய்யவில்லை என்றும் எழுதுகிற முரட்டு ஆள். முதல் பதினாலு நாளுக்காவது வெயில் என்று அந்த நோட்டு சொன்னால் போதும். நடுவர் யோசிப்பார். அன்றைக்குக் காலண்டர் மனைவியிடம் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்துப் பேசினார்.

தண்ணீர்க்காரர் வேறொரு சைட்டில் இருந்தார். நோட்டைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். பையைப் பிரிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் காலண்டருக்குத் தாங்கவில்லை. பிரித்தார்கள். கோணல்மாணலான எழுத்தில் வரிசையாக இருந்தது: காலை மழை. மதியம் மழை. மாலை மழை.

காலண்டர் நோட்டை மூடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் முதல்ல தண்ணி ஊத்தினேன்னுதான் எழுதியிருந்தேன்" என்றார் தண்ணீர்க்காரர். "ஒரு நாள் முதலாளி வந்தாரு. எல்லா நோட்டும் ஒத்துப் போகணும், மச்சான் சொல்லிட்டாருன்னாரு. நான் முடியாதுன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டாரு. சரி, மனுஷன் நமக்குக் கூலி போட்டு உட்கார வெச்சிருக்காரேன்னு அந்தத் தாளைக் கிழிச்சுட்டு வேற எழுதினேன். ஆனா ஊத்தினது ஊத்தினதுதான், தெரிஞ்சுக்குங்க. தூணைப் போய்ப் பாருங்க. ஒரு மயிர்க்கோடு இருக்கா?"

தூண்கள் நன்றாகத்தான் இருந்தன. அவை நன்றாக இருப்பதற்கு வெயிலில் ஊற்றிய தண்ணீர்தான் காரணம் என்று தூண் வந்து சாட்சி சொல்லாது. காலண்டர் பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டு நடந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். ஒரு ஓட்டை விடாமல் அடைத்திருந்தார்.

விசாரணை ஒரு வாடகை அறையில் நடந்தது. நீள மேசை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், சத்தம் போடும் குளிர்சாதனப் பெட்டி. நடுவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். கட்டடம் தெரிந்தவர், கெட்டவர் இல்லை. தங்கை தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்ததால், கதவுப் பக்கம் சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார அனுமதித்தார். பதவி உயர்ந்த பழைய இன்ஜினியரும் சாட்சியாக வந்திருந்தார். புது சட்டை, புது மூக்குக் கண்ணாடி. வரைபடம் தாமதமானதா என்று கேட்டபோது டைரியைக் கையில் வாங்கி, தேதி தேதியாகப் படித்தார். "டைரில என்ன இருக்கோ அதுதான் நடந்தது சார்" என்றார். காண்ட்ராக்டர் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

காலண்டர் வானிலைப் பதிவை எடுத்து வைத்தார். வேறு வழியில்லை. கம்பெனி வக்கீல் ரொம்ப மென்மையான குரல் கொண்ட பெண். கோபமே வராதவர்.

"ஆறு நாள்தான் மழை. அப்படியே வெச்சுக்குவோம். மீதி முப்பத்தஞ்சு நாளும் உங்க கட்சிக்காரர் தன் கைப்பட மழைன்னு எழுதியிருக்கார். அப்போ இந்த டைரி பொய். அறுபது ஆள் இருந்தாங்கன்னு இதே டைரில இருக்கே, அதை மட்டும் நாங்க எதை வெச்சு நம்பணும்?"

வார்த்தைக்கு வார்த்தை அப்படியே. காலண்டருக்கு அந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளிகூட முன்பே தெரியும்.

நடுவர் எல்லா நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிரித்து வைத்துப் பார்த்தார். டைரி, கிரேன் நோட்டு, தண்ணீர் நோட்டு, கூலிப் பட்டியல். தலையை ஆட்டினார்.

"முப்பது வருஷமா நோட்டு பார்க்கிறேன். இவ்வளவு ஒத்துப் போறதை நான் பார்த்ததே இல்ல" என்றார். பிறகு காண்ட்ராக்டரைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லுங்க. ஒரு மேஸ்திரியா இருந்து வந்த ஆளுக்கு இது தானாத் தோணாது. இப்படி எழுதச் சொல்லி யாராவது உங்களுக்கு ஆலோசனை சொன்னாங்களா?"

காண்ட்ராக்டர் வாய் திறப்பதற்குள் காலண்டர் அந்தச் சில நொடிகளில் ஒரு கணக்குப் போட்டார். எழுந்து, நான்தான் சொன்னேன், இந்த இன்ஜினியர் கெஞ்சிக் கேட்டதால் சொன்னேன் என்றால் என்ன ஆகும்? தனக்கே கேடு வரும் என்று தெரிந்து ஒருவன் சொல்வதை நடுவர் நம்பலாம். அந்த இன்ஜினியரை மறுபடியும் கூப்பிட்டு நெருக்கலாம். வாய்ப்பு பத்தில் மூன்று. டைரியில் பொய் எழுதச் சொன்ன கணக்கு ஆலோசகரை அதற்குப் பிறகு ஒருவரும் வாசலில் ஏற்ற மாட்டார்கள். அது பத்தில் பத்து. தங்கை வீடும் போய், தன் பிழைப்பும் போனால் இரண்டு குடும்பத்தையும் தாங்க யார் இருக்கிறார்கள்? கணக்கு சரியாகத்தான் வந்தது. அவர் போட்ட கணக்கு எப்போது தப்பியிருக்கிறது?

அவர் குனிந்து முன்னால் இருந்த தாள்களைப் பார்த்தார். தாள்களில் ஒன்றுமில்லை.

"யாரும் சொல்லல சார்" என்றார் காண்ட்ராக்டர். "நானா எழுதினது."

நடுவர் காலண்டரை ஒரு முறை பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு ஆறு வாரத்தில் வந்தது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட டைரிப்படி நாற்பத்தொரு நாளும் வானம் கெடுத்த நாள். அபராதம் இல்லை, இழப்பீடும் இல்லை. கம்பெனி பில்லில் பிடித்து வைத்திருந்த ஒரு சின்னத் தொகையைத் திருப்பித் தரச் சொல்லியிருந்தார். அது விசாரணைச் செலவுக்குச் சரியாக இருந்தது. காண்ட்ராக்டர் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாக்கி தீர்த்து அனுப்பினார். பிறகு, இருபது வருடத்துக்கு முன்னால் விட்ட இடத்துக்கே திரும்பிப் போய், வேறொருவரிடம் கம்பி கட்டப் போனார். இப்போது வயது ஐம்பத்து நாலு. சாயங்காலம் வந்தால் விரல்களை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டைக் காலி செய்த அன்று காலண்டர் காலையிலேயே போய்விட்டார். முன்னறையில் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. காண்ட்ராக்டர் தெருவில் லாரிக்காரரோடு சேர்ந்து பீரோவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தங்கை சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கண்ணாடிச் சாமான்களைப் பழைய துணியில் சுற்றி ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்தார்.

"புது வீட்டுல தண்ணி வசதி எப்படிம்மா?"

"பொதுக் குழாய்தான். காலையில ஒரு மணி நேரம் வரும்."

"வாடகைக்கு நான் மாசா மாசம் கொஞ்சம்..."

"வேண்டாம்ணா. சமாளிச்சுக்கலாம்."

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. தலை பாதி நரைத்திருந்தது. அதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார். மேலே என்ன பேசுவது என்று தெரியாமல், தீர்ப்பில் இருந்த ஒரு வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது, வாய்ப்பு குறைவுதான், இருந்தாலும் பார்க்கலாம், மாப்பிள்ளை மட்டும் அன்றைக்கு மழை என்று எழுதாமல் இருந்திருந்தால் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தங்கை ஒரு தட்டைச் சுற்றி வைத்தாள். அடுத்த தட்டை எடுத்தாள்.

"அன்னிக்கு அவர் உங்களுக்குப் போன் பண்ணினப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். துணி மடிச்சுட்டு இருந்தேன். ஸ்பீக்கர்லதான் பேசினார். அவருக்குத்தான் ஒரு காது சரியாக் கேட்காதே."

காலண்டர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லா நோட்டும் ஒத்துப் போகணும்னீங்க. அதை அவர் ஒரு துண்டுத் தாள்ல எழுதிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். துவைக்கப் போட்டப்போ நான்தான் எடுத்து வெச்சேன்."

"தெரிஞ்சுமா... ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கல?"

"தப்பு யாருக்குத்தான் வராது? அதுக்காகவா கேட்கப் போறேன்?" அவள் குரல் உயரவே இல்லை. "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நோட்டைத் தூக்கிட்டு வந்தோமே, அன்னிக்குச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன். அப்புறம் அந்த ரூம்ல நடுவர் கேட்டாரே, யாராவது சொன்னாங்களான்னு. அப்போ நீங்க குனிஞ்சு பேப்பரைப் பார்த்தீங்க. நான் உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

பத்தில் மூன்றுதான் வாய்ப்பு என்று சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அவளுக்குப் புரியாமல் போகாது. நன்றாகவே புரியும் என்பதால்தான் அவரால் சொல்ல முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைக்கவும் வெட்கமாக இருந்தது.

அவள் பெட்டியை மூடி, கயிறு கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"அடியைப் பிடிச்சுத் தூக்குங்கண்ணா. உள்ள கண்ணாடி."

அவர் குனிந்து அடியைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, காலியாகக் கிடந்த முன்னறை வழியாக வெளியே வந்தார்கள். தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லாரியின் மேலே நின்றிருந்த காண்ட்ராக்டர் அவரைப் பார்த்ததும் அவசரமாகக் கீழே இறங்கினார்.

"நீங்க எதுக்கு மச்சான் இதையெல்லாம் தூக்கிட்டு? கொடுங்க" என்று, மடங்காத விரல்களை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.